ரைபிள் குழலை வாங்கும் முன் சன்னத்தை அளந்து பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலையுதிர்கால மான் வேட்டை குறித்துத் தங்கள் வார இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். ஒன்ராறியோவில் நம்மவர்கள் வகுப்புக்குப் போய், உரிமம் பெற்று, முறைப்படி காட்டுக்குச் செல்லத் தொடங்கியிருப்பதைப் பற்றித் தமிழில் ஒருவர் எழுதியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் பழைய ரைபிள் குறி தவறினால் கடையில் நல்ல குழல் ஒன்றை வாங்கி மாற்றிவிட்டால் போதும் என்று அதில் போகிற போக்கில் சொல்லப்பட்டிருக்கும் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த வரியை நம்பிச் செய்யக்கூடிய பிழையை நானே செய்தவன் என்பதாலும், அதற்கான விலையை ஒரு மான் கொடுத்தது என்பதாலும் இதை எழுதுகிறேன்.

2011ஆம் ஆண்டில் .308 வின்செஸ்டர் ரவைக்கான பழைய போல்ட் ரைபிள் ஒன்றைக் கைமாற்றாக வாங்கினேன். ரவை என்பது கோதும் வெடிமருந்தும் சன்னமும் சேர்ந்த முழுத் தோட்டா; குழலிலிருந்து பறந்து போகும் முனைப்பகுதிதான் சன்னம்; .308 என்பது அதன் விட்டம், அங்குலத்தில். போல்ட் என்பது குழலின் பின்வாயை மூடும், கையால் இழுக்கும் தாழ்ப்பாள். முன்பு வைத்திருந்தவர் அதை நிலக்கீழ் அறையின் ஈரத்தில் விட்டிருந்ததால் குழலின் வாய்ப்பகுதியைத் துரு தின்றிருந்தது. ஆகவே புதுக் குழல் தேவைப்பட்டது உண்மைதான். கடையில் நான் கேட்டது ".308 குழல் ஒன்று வேண்டும்" என்பது மட்டுமே. எந்தச் சன்னத்தைச் சுடப் போகிறேன், எங்கே வேட்டையாடப் போகிறேன் என்று கடைக்காரரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரிந்திருக்கவில்லை. 150 கிறெயின் (சன்னத்தை நிறுக்கும் சிற்றலகு) எடையுள்ள ஈயச் சன்னத்தை அந்தக் குழலால் ஐந்து ஆண்டுகள் குறை சொல்ல முடியாதபடி சுட்டேன். பிறகு, சுட்ட இறைச்சியில் ஈயத் துகள்கள் சிதறிக் கிடக்கும் என்பதை அறிந்து, அதே இறைச்சிக் கறியை வீட்டில் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், காட்டில் விட்டுவரும் குடலைக் கழுகும் அண்டங்காக்கையும் தின்கின்றன என்பதை எண்ணி, 180 கிறெயின் எடையுள்ள முழுச் செம்புச் சன்னத்துக்கு மாறினேன். செப்டெம்பர் வெயிலில் 50 மீற்றரில் சுட்டுப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

நவம்பரில், பான்க்ராஃப்டுக்கு வடக்கே, வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே பத்துப் பாகையாக இருந்த ஒரு காலையில், ஏறத்தாழ 120 மீற்றர் தொலைவில் பக்கவாட்டில் நின்ற வெள்ளைவால் மானைச் சுட்டேன். தோளுக்குப் பின்னால் பட வேண்டிய சன்னம் வயிற்றில் பட்டது. பனியில் சொட்டியிருந்த இரத்தத்தைத் தொடர்ந்து இருட்டும் வரை நடந்தோம். மறுநாள் காலையில் கண்டெடுத்தபோது கயோட்டிகள் என்னும் சிறு ஓநாய்கள் பாதியைத் தின்றிருந்தன. கை நடுங்கியிருக்கும் என்றுதான் முதலில் என்னை நானே திட்டிக்கொண்டேன். அடுத்த வாரம் அதே குளிரில் சுடுதளத்துக்குப் போய், மேசையில் மணல்மூட்டையை முட்டுக்கொடுத்து 100 மீற்றரில் ஐந்து ரவைகள் சுட்டேன். துளைகள் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்குச் சிதறியிருந்தன. அவற்றில் இரண்டு வட்டமாக இல்லை; எலுமிச்சை விதையைப் போல நீண்டிருந்தன. சன்னம் மூக்கை முன்னால் வைத்துப் பறக்காமல் சரிந்து போயிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

காரணம் குழலின் உள்ளே வெட்டப்பட்டிருக்கும் சுழல்வரிகளில் இருந்தது. கடைகளில் ட்விஸ்ட் என்று சொல்லப்படும் சுழல் வீதம், சன்னம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்குக் குழலுக்குள் எத்தனை அங்குலம் போக வேண்டும் என்பதைக் குறிக்கிறது. என் குழலில் அது 12 அங்குலம். நீளமான சன்னம் நிலையாகப் பறக்க விரைவான சுழற்சி வேண்டும், அதாவது இந்த எண் சிறியதாக இருக்க வேண்டும். இங்கே கணக்கில் வருவது சன்னத்தின் நீளமே தவிர எடையல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. செம்பு ஈயத்தைவிட இலேசானது. ஆகவே ஒரே எடையுள்ள செம்புச் சன்னம் ஈயச் சன்னத்தைவிட நீளமாகத்தான் இருக்கும்.

1879இல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் தந்த எளிய வாய்பாடு இன்றும் முதற்கணிப்புக்கு உதவுகிறது. சன்னத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, பின்னர் 150ஆல் பெருக்கி, சன்னத்தின் நீளத்தால் வகுத்தால் தேவையான சுழல் வீதம் கிடைக்கும். .308 சன்னத்துக்கு, நீளத்தால் வகுப்பதற்கு முன் வரும் தொகை ஏறத்தாழ 14.2. பழைய ஈயச் சன்னத்தை வேணியர் இடுக்கிமானியால் அளந்தேன், 1.1 அங்குலம் இருந்தது. விடை 13க்குச் சற்றுக் குறைவு, எனவே 12 அங்குலக் குழலில் அது நன்றாகவே ஓடியது. செம்புச் சன்னம் 1.48 அங்குலம், விடை 9.6. வாய்பாடு ஈய உள்ளீடு கொண்ட சன்னத்துக்கானது என்பதால், செம்புக்கு இந்த விடையை முதற்கணிப்பாக மட்டுமே கொள்ள வேண்டும்; ஆனால் 12 அங்குலம் அதற்குப் போதாது என்பது தெளிவு. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. அது சன்னத்தின் நிலைப்பை மேலும் குலைக்கும். செப்டெம்பரில் விளிம்பில் நின்று தப்பிய சன்னம் நவம்பரில் தவறியது அதனால்தான். இவ்வளவும் ஐந்து நிமிடக் கணக்கு. குழலுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் நான் அதைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தப் பிழையைப் பெரிய தயாரிப்பாளர்களே செய்திருக்கிறார்கள். 1955இல் அமெரிக்காவில் வின்செஸ்டர் .243 ரவையையும் ரெமிங்டன் .244 ரவையையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கொண்டுவந்தன. இரண்டின் சன்ன விட்டமும் ஒன்றே. வின்செஸ்டர் 10 அங்குலச் சுழல் வீதத்தையும் ரெமிங்டன் 12 அங்குலத்தையும் தேர்ந்தன. மானுக்கு எடை கூடிய, நீளமான 100 கிறெயின் சன்னத்தை விரும்பிய வேட்டைக்காரர்கள் .243இன் பக்கம் போனார்கள். 1963இல் ரெமிங்டன் சுழல் வீதத்தை 9 அங்குலமாக்கி, ரவையின் பெயரையே 6 மில்லிமீற்றர் ரெமிங்டன் என்று மாற்றிய பிறகும் இழந்த சந்தை திரும்பவில்லை.

தங்கள் கையிலுள்ள குழலின் வீதம் தெரியாதவர்கள் வீட்டிலேயே அளக்கலாம். ரவை எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்து, போல்டைக் கழற்றிவிட்டு, பிடி தானாகச் சுழலும் துப்புரவுக் கோலின் முனையில் இறுக்கமாகத் துணி சுற்றிக் குழல்வாயிலிருந்து உள்ளே தள்ளுங்கள். கோலில் ஒரு குறி இட்டு, அந்தக் குறி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வருவதற்குக் கோல் எத்தனை அங்குலம் உள்ளே போகிறது என்று பாருங்கள். அதுதான் விடை.

உண்மையில் குழலை மாற்ற வேண்டிய தேவையே பெரும்பாலானோருக்கு வராது. ஆண்டுக்கு நாற்பது ரவைகள் சுடுபவருக்கு ஒரு .308 குழல் வாழ்நாளுக்கும் போதும். குறி தவறினால் முதலில் தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் திருகாணிகளையும், ரைபிளை மரக்கட்டையோடு இணைக்கும் திருகாணிகளையும் இறுக்கிப் பாருங்கள். குழலில் படிந்த செம்பை அதற்குரிய திரவத்தால் கழுவுங்கள். குழல்வாயின் விளிம்பில் நகத்தால் தடவி, எங்காவது தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். விளிம்பு மட்டும் கெட்டிருந்தால் கடைசலில் மீண்டும் வெட்டிச் சரிசெய்யலாம். அதற்கான கூலி புதுக் குழலின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், எங்கே நடந்து எதைச் சுடப் போகிறீர்கள் என்பதே தடிப்பையும் நீளத்தையும் தீர்மானிக்க வேண்டும். தடித்த குழல் சூடேறினாலும் குறி மாறாமல் சுடும்; ஆனால் மூஸ் என்னும் பெரிய மானைத் தேடிச் சதுப்பில் நாள் முழுவதும் நடப்பவருக்கு இரண்டு மூன்று இறாத்தல் மேலதிகம் பெரும் பாரம். நீளத்தை 24 அங்குலத்திலிருந்து 20க்குக் குறைத்தால் சன்னத்தின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ நூறு அடி குறையும். நெருங்கிய காட்டில் நூறு மீற்றருக்குள் சுடுபவருக்கு அது பொருட்டல்ல. குறுகிய குழல் கிளைகளில் சிக்காமல் வரும் என்பதே அவருக்குப் பெரிய ஆறுதல். ஸ்டெயின்லெஸ் உருக்கு துருவுக்குத் தாங்கும் என்பதால் நானும் அதையே தேர்ந்தேன். ஆனால் வட ஒன்ராறியோவின் கடுங்குளிரில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழலைப் பயன்படுத்த நினைப்பவர்கள் அது அந்தக் குளிருக்கு உகந்ததா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

கலிபரையே, அதாவது சன்னத்தின் விட்ட அளவையே, மாற்ற நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். .243 ரவை .308இன் கோதிலிருந்து பிறந்தது என்பதால் போல்டை மாற்றாமலே குழலை மட்டும் மாற்ற முடிகிறது. ஆனால் .243இலிருந்து .308க்கு மாற நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: தெற்கு ஒன்ராறியோவின் பல கவுண்டிகளில் .275க்கு மேற்பட்ட ரைபிளை வேட்டைக்குக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. வேட்டையாடும் இடத்துக்குரிய விதியைப் பார்த்த பிறகே குழலைக் கேளுங்கள். அதேபோல், இருக்கும் குழலை வீட்டில் அறுத்துக் குறுக்கி 457 மில்லிமீற்றருக்குக் கீழே கொண்டுவந்தால் அந்தத் துவக்கு கனடாச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட வகையாகிவிடும். குறுகிய குழல் வேண்டுமானால் அந்த அளவில் தயாரிக்கப்பட்டதையே வாங்க வேண்டும். 2023 டிசெம்பரில் நிறைவேறிய சி-21 சட்டத்துக்குப் பிறகு குழலும் துவக்கின் உறுப்பாகவே கணிக்கப்படுகிறது. கழற்றிய பழைய குழலை உரிமம் இல்லாத நண்பரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

இறுதியாக, பொருத்தும் வேலை. குழலுக்குள் ரவை அமரும் இடத்துக்கும் போல்டின் முகத்துக்கும் இடையிலான அளவை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். .308க்கு இதைச் சோதிக்கும் அளவுத்துண்டுகள் இரண்டு: 1.630 அங்குலத் துண்டின் மேல் போல்ட் மூட வேண்டும், 1.634 அங்குலத் துண்டின் மேல் மூடக்கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நான் இதை எழுதும் தாளின் தடிப்பு. அந்த இடைவெளி கூடினால் சுடும்போது கோது அடிப்பகுதிக்கு அருகே கிழிந்து, வெடிவாயு முகத்தை நோக்கி வரக்கூடும். 1958இல் வெளிவந்த சாவேஜ் 110 வகையில் குழலைப் பெரிய நட்டு ஒன்று பிடித்திருப்பதால், அளவுத்துண்டுகளும் உரிய சாவியும் உள்ளவர் பொறுமையோடு அதைத் தாமே சரிசெய்யலாம்.  நட்டு இல்லாமல், குழலிலேயே கடைந்த விளிம்பை ரைபிளின் உடலோடு முட்டவைத்து இறுக்கும் மற்றக் குழல்களுக்குக் கடைசல் வேலை தெரிந்த கன்ஸ்மித் (துவக்குத் திருத்துநர்) ஒருவர் கட்டாயம் வேண்டும். அவரிடம் போகும்போது சுடப்போகும் ரவைப் பெட்டி ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

இப்போது என் ரைபிளில் இருப்பது 10 அங்குலச் சுழல் வீதம் கொண்ட 22 அங்குலக் குழல். சென்ற சனவரியில், கையுறைக்குள் விரல் மரத்துப்போகும் குளிரில், அதே 180 கிறெயின் செம்புச் சன்னத்தை 100 மீற்றரில் மூன்று முறை சுட்டேன். மூன்று துளைகளும் வட்டமாக, ஒரு இரண்டு டொலர் நாணயத்தால் மூடக்கூடிய இடத்துக்குள் இருந்தன.

தங்கள் கட்டுரையாளர் இந்தத் தொடரை மேலும் எழுதுவதாக அறிகிறேன். இனி ரைபிள்களையோ குழல்களையோ அறிமுகப்படுத்தும்போது கலிபருக்குப் பக்கத்திலேயே சுழல் வீதத்தையும் தவறாமல் அச்சிடுமாறும், நவம்பர் வேட்டைக்காலம் தொடங்கும் முன் இக்கடிதத்தை வெளியிடுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஸ்காபரோ