ரிஹாகு ஜப்பானியர் அல்லர்

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த 'ஆற்று வணிகன் மனைவியின் கடிதம்' கவிதையின் அடியில் 'ரிஹாகு, ஜப்பானியக் கவிஞர்' என்று போட்டிருந்தீர்கள். எழுதியவர் தாங் காலத்துச் சீனக் கவிஞர் லி பாய் (701–762). அவர் பெயருக்குரிய சீன எழுத்துகளை ஜப்பானியர் படிக்கும் ஒலிதான் ரிஹாகு.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. எர்னஸ்ட் ஃபெனொலோசா என்ற அமெரிக்கர் ஜப்பானில் மோரி என்ற அறிஞரிடம் சீனக் கவிதை பாடம் கேட்டார். அரிகா என்பவர் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல, அதை நோட்டுகளில் குறித்துக்கொண்டார். 1908இல் அவர் இறந்த பிறகு நோட்டுகள் அவருடைய மனைவி மேரி மூலம் அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டின் கைக்கு வந்தன. அப்போது சீனம் அறியாத பவுண்ட், அவற்றைக் கொண்டு 1915இல் 'கதே' (Cathay) என்ற ஆங்கிலக் கவிதை நூலை வெளியிட்டார். இந்தக் கவிதை அதில்தான், ரிஹாகு என்ற ஜப்பானிய ஒலிப்பிலான பெயரோடு வந்தது. ஆனால் ஃபெனொலோசா, மோரி, அரிகா மூவரின் பெயரையும் நூலின் முகப்பிலேயே அச்சிட்டார். உங்கள் பக்கத்தில் பவுண்டின் பெயர்கூட இல்லை.

பெயர்களுக்காக இத்தனை அடம் எதற்கு என்று கேட்கலாம். தமிழில் 'நீங்கள் போய் ஐந்து மாதமாயிற்று' என்று ஒரு வரி வருகிறது. மூலத்தில் அது ஐந்தாம் மாதம். சீனத்தின் யாங்ட்சி ஆற்றில் வெள்ளம் ஏறும் காலம். சூட்டாங் பள்ளத்தாக்கின் வாயிலில் யான்யூ என்றொரு பாறை இருந்தது. வெள்ளத்தில் அது மூழ்கிக் கிடக்கும். படகு மோதினால் தப்பாது. 'ஐந்தாம் மாதத்தில் அதைத் தொடக் கூடாது' என்கிறாள் கவிதையில் பேசும் அந்தப் பதினாறு வயது மனைவி. கணவனின் படகை நினைத்து அவள் பட்ட பயம், பவுண்டின் கையில் வெறும் மாதக் கணக்காகிவிட்டது. உங்கள் மொழிபெயர்ப்பாளர் மேல் குறையில்லை, ஆங்கிலத்தில் இருந்ததைத்தான் தமிழாக்கியிருக்கிறார். நானே இருபது ஆண்டு வகுப்பில் 'ஐந்து மாதப் பிரிவு' என்று உருகி உருகிப் பாடம் நடத்தியவன்.

என் கண்ணைத் திறந்தது ஒரு கடிதத் தொகுப்பு. ஷாங்காயில் பிறந்த ஃபுளோரன்ஸ் அய்ஸ்காவும் அமெரிக்கக் கவிஞர் ஏமி லோவெல்லும் சேர்ந்து சீனக் கவிதைகளை மொழிபெயர்த்து 1921இல் நூலாக்கினார்கள். லோவெல்லுக்குச் சீனம் தெரியாது. அய்ஸ்கா தம் சீன ஆசிரியரின் துணையோடு ஒவ்வொரு எழுத்தாகப் பொருள் எழுதி, சீன எழுத்துக்குள் தனிப்பொருள் தரும் உறுப்புகளையும் பிரித்துக் காட்டி அனுப்புவார். இதற்காகக் கடல் கடந்து போய்வந்த கடிதங்கள் 1945இல் அச்சேறின. எழுத்தைப் பிரித்துப் பிரித்து இல்லாத படிமங்களைக் கவிதைக்குள் ஏற்றிவிட்டார்கள் என்பது என் எண்ணம். ஆனாலும் எது யார் கைவேலை என்பது அந்தக் கடிதங்களில் தெளிவாகத் தெரிகிறது. அதைப் படித்த பிறகுதான், பாடம் நடத்திய கவிதையின் சொல்லுக்குச் சொல் உரையைத் தேடிப் பிடித்தேன்.

வழிமொழிபெயர்ப்பு தவறில்லை, நம்மில் பலர் டால்ஸ்டாயை அப்படித்தான் படித்தோம். எந்த வழியாக வந்தது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

திருத்தம் வெளியிடும்போது 'சோ-ஃபூ-சா: ஜப்பானியக் கிராமம்' என்ற அடிக்குறிப்பையும் எடுத்துவிடுங்கள். கணவனை எதிர்கொள்ள அவள் வருவதாகச் சொல்லும் அந்த இடம் யாங்ட்சிக் கரையில் இருக்கும் சாங்ஃபெங்ஷா.

– ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர், கும்பகோணம்