கதை கேட்ட பாலையா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சினிமா ரசனை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வாழ்க்கையை நேருக்கு நேர் பார்க்கத் துணிவில்லாதவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம் வெகுஜன சினிமா, நம்மைப் பிடித்து இழுத்து வாழ்க்கையின் முன்னால் நிறுத்துவது கலைப்படம் என்று கட்டுரையாளர் பிரித்துவைக்கிறார். நன்றாக எழுதப்பட்ட கட்டுரைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிரிவினையை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்குத் தெரிந்தவரை, பார்க்கிறவரை அவருடைய கவலையிலிருந்து கொஞ்ச நேரமாவது கழற்றி எடுக்காத நல்ல படம் என்று ஒன்று கிடையாது.

1964இல் வந்த ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யை நினைத்துப் பாருங்கள். மகன் நாகேஷிடம் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்ற பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை. படம் எடுக்கிறேன் பேர்வழி என்று அலைகிற அவரைக் கண்டாலே அப்பா பாலையாவுக்கு எரிச்சல். அப்படிப்பட்டவர்தான் பேய்க் கதை கேட்க உட்காருகிறார். திரை கிடையாது, விளக்கு கிடையாது. கதைக்கு வேண்டிய சத்தமெல்லாம் நாகேஷின் வாயிலிருந்தே வருகிறது. சற்று நேரத்தில் பாலையாவின் கண் எங்கே போகிறது, கை எங்கே போகிறது! பயந்து நடுங்குகிறார், ஆனாலும் எழுந்து போக மனமில்லை. அந்தக் காட்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாகேஷைத்தான் சொல்வோம். எனக்கென்னவோ அது பாலையாவின் காட்சி. ரசிகன் என்றால் யார் என்பதை அவ்வளவு துல்லியமாக நடித்துக் காட்டியவர் வேறு யாரும் எனக்கு நினைவில் இல்லை. சொத்து, மகள்களின் கல்யாணம், உருப்படாத மகன் என்று அவர் தலையில் இருந்த எல்லாமே அந்தச் சில நிமிடங்களுக்குக் காணாமல் போய்விடுகின்றன. இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொல்வார்களா?

சிரிக்க வைப்பதை லேசான வேலையாக எண்ணும் பழக்கமும் கட்டுரையில் எட்டிப்பார்க்கிறது. அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் இயக்கி நடித்த ‘ஷெர்லாக் ஜூனியர்’ (1924) ஊமைப்படம். ஒரு மணி நேரம்கூட ஓடாது. படம் ஓட்டுகிற இளைஞன் ஒருவன் தூங்கிப்போய், கனவில் எழுந்து நடந்து திரைக்குள்ளேயே ஏறிவிடுகிறான். உள்ளே போனதும் அவன் நிற்பது ஒரே இடம்தான். சுற்றியிருக்கும் உலகம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. தோட்டம், தெரு, மலை விளிம்பு, சிங்கங்கள், கடல் நடுவே ஒரு பாறை. கணினி இல்லாத அந்தக் காலத்தில், காட்சிக்குக் காட்சி ஆளும் கேமராவும் இம்மி பிசகாமல் இருக்க நில அளவைக் கருவிகளை வைத்து அளந்து எடுத்தார்கள். அதே படத்தில் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து கொட்டும் நீர் கீட்டனைத் தண்டவாளத்தில் அடித்து வீழ்த்தும். அதில் அவருடைய கழுத்தெலும்பு முறிந்திருந்தது பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரியவந்தது. நாம் கவலை மறந்து சிரிக்க அந்த மனிதர் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார். அதைப் ‘பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்தில் பலரும் ஹாலிவுட் இயக்குநர் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸின் ‘சல்லிவன்ஸ் டிராவல்ஸ்’ (1941) படத்தைத் துணைக்கு அழைப்பார்கள். நகைச்சுவைப் படங்கள் எடுத்துச் சலித்த இயக்குநர் ஒருவர், ஏழைகளின் துயரத்தைப் படமாக்கப்போகிறேன் என்று நாடோடி வேடமிட்டுக் கிளம்புகிறார். விதி அவரை நிஜமாகவே கைதிகளின் உழைப்பு முகாமில் கொண்டுபோய்த் தள்ளுகிறது. ஒருநாள் கைதிகளுக்கு ஒரு டிஸ்னி கார்ட்டூன் போட்டுக் காட்டுகிறார்கள். நாள் முழுக்க அடிபட்ட மனிதர்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள், இயக்குநரும் சேர்ந்து சிரிக்கிறார். திரும்பி வந்ததும் இனி நகைச்சுவைதான் என்று முடிவு செய்கிறார். எனக்குப் பிடித்த படம்தான். ஆனால் இதைக் காட்டி வழக்கை முடித்துவிட முடியாது. நகைச்சுவையே போதும் என்று வாதாடும் படத்தில் பசியும் சங்கிலியும் எத்தனை நேரம் வருகின்றன பாருங்கள்! ஸ்டர்ஜஸே தன் கதாநாயகனை முழுதாக நம்பவில்லை என்று தோன்றுகிறது.

நானும் நம்பவில்லை. வீட்டில் நோயாளி ஒருவரை நெடுநாள் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்த காலத்தில், தெரிந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சிரிப்புப் படங்களாகவே சிபாரிசு செய்தார்கள். எதுவும் உள்ளே இறங்கவில்லை. அப்போது எனக்கு ஆறுதல் தந்தவை ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யும் (1953) பாலு மகேந்திராவின் ‘வீடு’ம் (1988). இரண்டுமே கடைசியில் கண்ணீர் வரவழைப்பவை. முன்னதில் வயதான பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை, போரில் இறந்த மகனின் மனைவிதான் அன்பாகக் கவனிக்கிறாள். ஓசுவின் கேமரா தரையில் உட்கார்ந்திருக்கும் ஆளின் உயரத்திலிருந்து பெரும்பாலும் அசையாமல் பார்க்கும். எதையும் துரத்தாது, யாரையும் குற்றம் சொல்லாது. ‘வீடு’ படத்தில் சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பி நிற்கும் வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிப் போவார். அங்கே வசனத்துக்கு வேலையே இல்லை; இளையராஜாவின் இசையும் அந்த முதியவரின் முகமும்தான்.

சோகத்திலிருந்து தப்பிக்க இன்னொரு சோகமா என்று கேட்கலாம். ஆமாம். மறக்க வேண்டியிருந்தது சோகத்தை அல்ல, ‘நான், என்னுடைய, எனக்கு மட்டும் ஏன்’ என்று ஓயாமல் அரைத்துக்கொண்டிருந்த மனதை. இரண்டு மணி நேரம் வேறொரு குடும்பத்தின் கவலையைச் சுமந்தேன், என்னுடையது அதுவரை கீழே இருந்தது. அந்த விதத்தில் பாலையாவுக்கு நாகேஷ் செய்ததும் எனக்கு ஓசு செய்ததும் ஒரே காரியம்.

உண்மையில் தப்பிக்க விடாத பார்த்தல் ஒன்று உண்டு. கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை. ஒரு கையில் ஃபோன், எதிரே ஓடும் படம். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்குகிறது. யார் இயக்கியது, ஏன் இதைப் பார்க்கிறோம் என்று கேட்டால் பதில் இல்லை. இதில் மனம் எங்கும் போவதில்லை. பழைய கவலை அப்படியே இருக்க, மேலே கொஞ்சம் இரைச்சல் சேருகிறது, அவ்வளவுதான். இப்படிப் பார்த்தால் ரஷ்யக் கலைப்பட மேதை தார்க்கோவ்ஸ்கியும் இரைச்சல்தான்.

எல்லை தாண்டும் ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. அதையும் ஓர் ஈரானிய இயக்குநர்தான் எனக்குக் காட்டினார். கியாரோஸ்தமியின் ‘க்ளோஸ்-அப்’ (1990) நிஜச் சம்பவம். வறுமையில் கிடந்த ஒரு சினிமா ரசிகர், தானே புகழ்பெற்ற இயக்குநர் மக்மல்பஃப் என்று சொல்லி ஒரு குடும்பத்துக்குள் நுழைகிறார். உங்களை வைத்துப் படம் எடுக்கப்போகிறேன் என்கிறார். பிடிபட்டு நீதிமன்றத்தில் நிற்கிறார். கியாரோஸ்தமி அந்த விசாரணைக்குள் கேமராவைக் கொண்டுபோனார். பிறகு அந்த ரசிகரையும் ஏமாந்த குடும்பத்தாரையும் அவரவராகவே நடிக்க வைத்தார். கடைசியில் நிஜ மக்மல்பஃப் வந்து அவரைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறார். நம் கட்டுரையாளர் கையில் இந்த வழக்கு கிடைத்திருந்தால் ‘பார்த்தீர்களா, சினிமா ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் விட்டது’ என்று தீர்ப்பு எழுதியிருப்பார். கியாரோஸ்தமி அந்த மனிதரைச் சிறுமைப்படுத்தவில்லை, புனிதராக்கவும் இல்லை. எனக்குப் பிடித்த இயக்குநர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் அவர் பெயர் முன்னால் வருவதற்கு இந்த ஒரு படம் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இளவயதில் தானும் மோசமான காலம் ஒன்றில் சில படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததாகவும், இன்று அவற்றின் பெயரைச் சொல்லக் கூச்சமாக இருப்பதாகவும் கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருந்தார். கட்டுரை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். அடுத்த இதழில் அந்தப் பட்டியலை வாங்கிப் போடுங்கள். நான் பார்த்திராத படம் ஒன்றிரண்டாவது அதில் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி