ஆராதனை யாருக்கு?

ஆசிரியருக்கு, வணக்கம்.

இளைஞர்களை ஆலயத்துக்கு வரவைப்பது பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்தேன். அந்த அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் இசை, ஒளி, நேரம் என எல்லாவற்றையும் பேசிய கட்டுரையில் கடவுளைத் தேட வேண்டியிருந்தது.

நான் பல வருடங்கள் பாடகர் குழுவில் நின்றவன். பாடும்போது என் கண் எதிரில் இருப்பவர்களின் முகங்களையே சுற்றிவரும். அவர்கள் உருகினால் ஆராதனை நன்றாக அமைந்தது என்று வீட்டுக்குப் போவேன். யாருக்காகப் பாடினேன் என்று கேட்டுக்கொள்ள வெகுகாலம் ஆனது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பழைய பாட்டா, புதிய பாட்டா என்பதல்ல பிரச்சினை. பழைய பாட்டையும் முகங்களைப் பார்த்துத்தான் பாடினேன்.

சமாரியப் பெண், தொழவேண்டிய இடம் இந்த மலையா, எருசலேமா என்று இயேசுவிடம் கேட்டாள். அவர் பேச்சைப் பிதாவிடம் திருப்பினார்: ஆவியோடும் உண்மையோடும் அவரைத் தொழ வேண்டும் என்றார். அங்கே வரும் கிரேக்கச் சொல்லான ‘ப்ரொஸ்குனேயோ’வுக்கு விழுந்து பணிதல் என்று பொருள். முகங்குப்புற விழுந்தவர் தன்னை யார் கவனிக்கிறார்கள் என்று பார்க்க முடியாது.

அப்படியானால் மனிதருக்கு ஆராதனையில் இடமே இல்லையா? உண்டு. கி.பி. சுமார் 155-ல் ரோமாபுரியில் யுஸ்தீன் என்ற விசுவாசி, தங்கள் ஞாயிறு ஆராதனையைப் பேரரசருக்கு விளக்கி எழுதினார். அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகளையோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளையோ நேரம் இடம் தரும்வரை வாசிப்பார்களாம். (இன்று நேரமாகிவிட்டால் முதலில் வெட்டப்படுவது வேதவாசிப்புதான். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.) அப்புறம் போதனை, எல்லோரும் எழுந்து நின்று செய்யும் ஜெபம். அப்பத்துக்கும் திராட்சரசத்துக்கும் தலைவர் ஸ்தோத்திரம் சொல்ல, மக்கள் ‘ஆமென்’ என்பார்கள்.

வந்தவர்களை எப்படிக் கவர்ந்தார்கள் என்று அந்த விவரிப்பில் ஒரு வரிகூட இல்லை. எல்லாமே கடவுளை நோக்கி நடக்கிறது. ஆனாலும் மனிதர் விடுபடவில்லை. மனமுள்ளவர்கள் கொடுத்த காணிக்கை அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், அந்நியர்கள் ஆகியோருக்குப் போனது. ஆராதனைக்கு வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் திருவிருந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அந்த ஆதி ஆராதனையைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்