ஏழு லட்சம் பேருக்கு ஒரே எம்.எல்.ஏ.

ஐயா,

2021 தேர்தலில் எங்கள் சோழிங்கநல்லூர் தொகுதியின் வாக்காளர்கள் ஏறத்தாழ 7 லட்சம். சென்னையிலேயே துறைமுகம் தொகுதியில் 2 லட்சம்கூட இல்லை. இரண்டுக்கும் ஆளுக்கொரு எம்.எல்.ஏ., தொகுதி நிதியும் ஒரே அளவு. இது என்ன நியாயம்? 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து 2008-இல் போட்ட தொகுதி எல்லை இது. அப்புறம்தான் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. கூட்டமும் பெருகின. மேடவாக்கத்தில் எங்கள் தெருவில் மழை விட்டு மூன்று நாளானாலும் கணுக்கால் அளவுத் தண்ணீர் நிற்கிறது. மனு கொடுக்கப் போனால் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. யார் எம்.எல்.ஏ.வாக வந்தாலும் ஒருவரால் சமாளிக்க முடியாது. அடுத்த தொகுதி மறுவரையறையில் சோழிங்கநல்லூரை இரண்டாகவாவது பிரியுங்கள்.

- ஒரு வாசகர், மேடவாக்கம்