விபிஎன்னில் அலுவலகம் மட்டும் போனால் போதும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. வீட்டிலிருந்தே வேலை என்று ஆகிவிட்டதில் சந்தோஷம். விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான இணைப்பு) போட்டதும் பாட்டு, உபுண்டு அப்டேட் எல்லாமே அலுவலகத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று எழுதியிருந்தாய். முதலில் உங்கள் செக்யூரிட்டி ஆட்களிடம் கேட்டுவிடு. சில இடங்களில் அலுவலக வேலைக்கு ஒரு வழி, மற்றதுக்கு ஒரு வழி என்று டிராஃபிக்கைப் பிரிக்கவே கூடாது என்பது விதி.

அனுமதி கிடைத்தால் ரூட் வேலை, அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் வேலை, சுலபம். உன்னுடையது நெட்வொர்க் மேனேஜர் (உபுண்டுவில் இணைப்புகளைக் கவனிக்கும் மென்பொருள்) வழியாக ஓடும் ஓப்பன்விபிஎன் என்ற விபிஎன் வகை. அந்த இணைப்பின் ஐபிவி4 பக்கத்தின் அடியில், இதன் நெட்வொர்க்கில் உள்ளவற்றுக்கு மட்டும் பயன்படுத்து என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும். அதைப் போடு. ஐபிவி6 பக்கத்திலும் மறக்காமல் போடு. சர்வர் ஐபிவி6 டிஃபால்ட் ரூட்டும் (தனி வழி எழுதப்படாத எல்லாவற்றுக்குமான பொது வழி) தந்தால், யூடியூப் மாதிரி தளங்கள் அந்த வழியாக டன்னலுக்குள்ளேயே (விபிஎன் பாதைக்குள்ளேயே) போய்க்கொண்டிருக்கும். அலுவலக ரூட்டுகளைச் சர்வர் அனுப்பாவிட்டால் நீயே எழுத வேண்டும், உதாரணமாக 10.20.0.0/16 (10.20 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம்). பிறகு இணைப்பைத் துண்டித்துத் திரும்பப் போடு. ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் ஏறாது.

ஓப்பன்விபிஎன்னை நேரடியாக ஓட்டுபவர்கள் ஒன்றில் ஏமாறுவார்கள். ரூட் டேபிளில் பழைய டிஃபால்ட் அப்படியே இருக்கும், ஆனாலும் எல்லாம் டன்னலுக்குள் போகும். 0.0.0.0/1, 128.0.0.0/1 என்று இரண்டு ரூட்டுகள் சேர்ந்திருப்பதுதான் காரணம். நீளமான ப்ரிஃபிக்ஸுக்கே (சாய்கோட்டுக்குப் பின்னால் பெரிய எண் உள்ள ரூட்டுக்கே) முதல் மரியாதை என்பதால், இவ்விரண்டும் டிஃபால்ட்டான /0-வை முந்திவிடும். வயர்கார்டு என்ற வேறு விபிஎன் வகை என்றால் அதன் அமைப்புக் கோப்பில் அலோவ்டு ஐபிஸ் (AllowedIPs) வரியில் 0.0.0.0/0-வை எடுத்துவிட்டு அலுவலக வரம்புகளை மட்டும் எழுதினால் போதும்.

தலைவலி டிஎன்எஸ்ஸில், அதாவது பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் இடத்தில்தான். ஐபி கொடுத்தால் பிங் போகும், பெயர் கொடுத்தால் போகாது. டிஎன்எஸ் சர்வர்களைக் குறித்து வைக்கும் ரிசால்வ் கான்ஃப் (resolv.conf) கோப்பில் வீட்டு ரூட்டரும் அலுவலக டிஎன்எஸ்ஸும் வரிசையாக இருந்தாலும் பயனில்லை. முதல் சர்வர் பதிலே தராவிட்டால்தான் சாதாரணமாக இரண்டாவதைக் கேட்கும். 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று சொல்லிவிட்டால் அதையே முடிவாக எடுத்துக்கொள்ளும். இதற்கு சிஸ்டம்டி ரிசால்வ்டு (systemd-resolved, பெயரைப் பார்த்து எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்பது என்று பிரிக்கும் சேவை) வேண்டும், அந்தக் கோப்பு அதன் 127.0.0.53 என்ற முகவரியைக் காட்ட வேண்டும். விபிஎன் இணைப்பின் டிஎன்எஸ் தேடல் டொமைனில் அலுவலக டொமைனை, முன்னால் அலைக்குறி (~) போட்டு எழுது. அந்தப் பெயர்கள் மட்டும் அலுவலக டிஎன்எஸ்ஸுக்குப் போகும். டொமைன் இல்லாமல் சர்வர் பெயரை மட்டும் தட்டுகிற பழக்கம் உனக்கு உண்டென்றால் அலைக்குறி வேண்டாம். அது வழியை மட்டும் காட்டும், பெயருக்குப் பின்னால் டொமைன் வாலை ஒட்டாது.

இன்னொரு சிக்கல், வரம்புகள் மோதுவது. வீட்டு ரூட்டர் 192.168.1.0/24, அலுவலகத்திலும் 192.168.0.0/16 என்றால் அந்த /24-க்குள் இருக்கும் அலுவலக மெஷின் உனக்குக் கிடைக்கவே கிடைக்காது. வீட்டு ரூட்டரின் வரம்பை மாற்றிவிடுவதுதான் சுத்தமான வழி. டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் கருவி) போட்டிருந்தால் அதன் 172.17.0.0/16-உம் இதே வம்பைச் செய்யும்.

அலுவலக ஐபியிலிருந்து வந்தால் மட்டுமே திறக்கும் வெளித்தளங்கள் இருந்தால் அவற்றுக்கும் ரூட் சேர்க்க வேண்டும். கிளவுடில் இருப்பவற்றின் ஐபி மாறிக்கொண்டே இருக்கும். எனக்கு அது பிடிக்காத வேலை.

சரிபார்க்க டெர்மினலில் 'ஐபி ரூட் கெட்' (ip route get) கட்டளை கொடுத்து, அலுவலக முகவரி ஒன்றையும் 8.8.8.8-ஐயும் தனித்தனியாகக் கேள். முதலாவது டன்னலையும், இரண்டாவது வைஃபையையும் காட்ட வேண்டும். அப்படி வராவிட்டால், விபிஎன் போடுவதற்கு முன்னும் பின்னும் உள்ள ரூட் டேபிள் இரண்டையும் எனக்கு அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகன்