பழைய டிரில்லிங் மெஷினைக் கிலோ கணக்கில் விற்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை மூடப்படும்போதோ புதுப்பிக்கப்படும்போதோ, அதன் பட்டறைக் கருவிகள் துருப்பிடித்த தகரங்களோடும் உடைந்த குழாய்களோடும் ஒரே குவியலாக ஏலம் போகின்றன. காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்கிறார். லாரி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்தக் குவியலில் பில்லர் டிரில்லிங் மெஷின், அதாவது தூணில் பொருத்திய துளையிடும் இயந்திரம் இருந்தால், அதையாவது தனியே பிரித்து இயந்திரமாகவே ஏலம் விட வேண்டும் என்பதுதான் இக்கடிதத்தின் கோரிக்கை. தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான், அப்படியொரு இயந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கிச் சீர்செய்து வீட்டுப் பட்டறையில் ஓட்டி வருகிறேன்.

கடையில் புதிதாகக் கிடைக்கும் சிறிய பெஞ்ச் டிரில் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மர வேலைக்குப் போதும். இரும்புக்கு வேகம்தான் கணக்கு. சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டுக்கு எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்பில் நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம், அதாவது பிட்டின் விளிம்பு நகரும் வேகம், என்று வைத்துக்கொண்டால், 10 மி.மீ. துளைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்றும் 25 மி.மீ. துளைக்கு 320 சுற்றும் வருகின்றன. சிறிய பெஞ்ச் டிரில்கள் பலவற்றில் மிகக் குறைந்த வேகமே 500 சுற்றை ஒட்டி இருப்பதால், பெரிய பிட்டை அதில் மாட்டினால் முனை நீலம் பாய்ந்து கருகும். படிப்படியாக வெட்டிய பெரிய புல்லிகளைக் கொண்ட பழைய இயந்திரத்தில், பெல்ட்டை ஒரு படி மாற்றினால் வேலை முடிந்தது.

இத்தகைய இயந்திரத்தில் கெட்டுப்போகக்கூடியவை மிகச் சில. அடிப்பாகம், தூண், மேசை, தலைப்பகுதி எல்லாம் கனத்த இரும்பு. அவற்றுக்கு மேல்துரு தவிர வேறு நோய் அநேகமாக வருவதில்லை. தேய்கிறவை பேரிங்கும் பெல்ட்டும்தான். இரண்டுமே பொது அளவுகளில் செய்யப்பட்டவை. பேரிங்கின் விளிம்பைத் துடைத்துப் பார்த்தால் 6205, 6206 என்பது போன்ற எண் பொறித்திருக்கும். கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 05 என்றால் 25, 06 என்றால் 30. செய்த கம்பெனி என்றோ மறைந்திருந்தாலும், இந்த எண்ணைச் சொன்னால் கோயம்புத்தூரில் எந்த பேரிங் கடையிலும் இன்றைக்கே வாங்கிவிடலாம்.

பிரிக்கும்போது இரண்டு இடங்களில் எச்சரிக்கை வேண்டும். தூணைப் பற்றியிருக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் தலைப்பகுதி மோட்டாரோடு சேர்ந்து சறுக்கி இறங்கும்; ஆகவே மோட்டாரை முதலில் கழற்றி, தலைக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். கைப்பிடியை விட்டதும் ஸ்பிண்டிலை (பிட்டைச் சுழற்றும் தண்டை) மேலே இழுக்கும் சுருள்வில், பக்கவாட்டு மூடிக்குள் முறுக்கேறிய நிலையிலேயே இருக்கும். முறுக்கை இறக்காமல் மூடியைத் திறந்தால் விரல் தப்பாது. சாலைக்குக் கீழே படியிறங்கிப் போகும் நம் ஊர் வீடுகளுக்கு முந்நூறு கிலோ எடையை முழுதாகக் கொண்டுபோக முடியாது என்பதால், பிரிப்பது எப்படியும் கட்டாயம்தான்.

மலையில் துருவுக்குக் காரணம் மழை மட்டுமன்று. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கனத்த இரும்பின் மேல் காலையில் ஈரக்காற்று பட்டதும் நீர் கோத்துவிடும். கதவைச் சாத்தினாலும் இது நடக்கும். மேசையின் துருவை மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொண்டே எடுக்கலாம். சிறிய இரும்பு உறுப்புகளுக்குச் சலவை சோடாக் கரைசலும் பேட்டரி சார்ஜரும் போதும்: உறுப்பு எதிர்முனையில், வீணான இரும்புத் தகடு நேர்முனையில். தகட்டுக்கு எவர்சில்வரைப் பயன்படுத்தவே கூடாது, நச்சுக் குரோமியம் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு எழும் என்பதால் இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். சுருள்வில், பேரிங் போன்ற கடினப்படுத்திய எஃகை அதில் போட்டால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. வீட்டுப் பெயின்ட்டுக்கே பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே உலர்ந்த நிலையில் தேய்க்காமல் ஈரப்படுத்திச் சுரண்டுவதே நல்லது.

ஸ்பிண்டிலின் உட்புறக் கூம்பு, அதாவது மோர்ஸ் டேப்பர், இயந்திரத்தின் உயிர்நாடி. பிட் அதற்குள் நழுவிச் சுழன்றிருந்தால் கீறல் இருக்கும். மேடிட்ட கீறலை மட்டும் கை ரீமரால் (துளையின் உட்புறத்தைச் சீவும் கருவி) மெல்ல எடுத்துவிட்டு, நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். முள் 0.02, 0.03 மி.மீ.க்குள் ஆடினால் அந்த ஸ்பிண்டில் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும்.

பலரும் பின்வாங்குவது மின்சாரத்தை நினைத்துத்தான். இயந்திரத்தில் இருப்பது மூன்று ஃபேஸ் மோட்டார், வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ். ஒரு குதிரைத்திறன் அளவுள்ள மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் (மூன்று சுருள்களின் ஒருபக்க முனைகள் ஒன்றாக முடிச்சிட்ட நிலையில்) இருக்கும். ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தால் டெல்டாவாக (சுருள்களை முக்கோணமாக இணைத்து) மாற்றி, சிங்கிள் ஃபேஸை மூன்று ஃபேஸாக்கித் தரும் 230 வோல்ட் வி.எஃப்.டி. கருவி வழியாக ஓட்டலாம், வராவிட்டால் காயில் கட்டுபவர் உள்ளிருக்கும் முடிச்சைப் பிரித்துத் தர வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவதும் வருவதும் இங்கு வாடிக்கை. மின்சாரம் திரும்பியதும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்காதபடி வி.எஃப்.டி.யை அமைப்பதும், எர்த் இணைப்பைச் சரிபார்ப்பதும் முதல் வேலையாக இருக்கட்டும். கையுறை அணிந்து டிரில் அருகே நிற்கக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன். ஏல அறிவிப்பில் ‘பழைய இரும்புச் சாமான்கள்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவதால், உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியாருக்குத் தெரிவதில்லை. துளை அளவு, மோர்ஸ் டேப்பர் எண், மோட்டார் தகட்டில் உள்ள விவரம், ஒரு புகைப்படம் ஆகியவற்றைச் சேர்த்து இயந்திரத்தைத் தனி இனமாகக் காட்டினால், வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் இளைஞர்களும் தொழிற்பயிற்சி நிலையங்களும் ஏலம் கேட்க வருவார்கள். விற்பவருக்கும் எடை விலையைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். கூட்டுறவுத் தொழிற்சாலைகளும் தனியார் தொழிற்சாலைகளும் அடுத்த ஏலத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
கோத்தகிரி.