அந்தப் பெயரை அழிக்காதீர்கள்: நிலவில் நடந்தவர்களின் ஆட்டோகிராஃப் சேகரிக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

நிலவில் கால் வைத்த பன்னிரண்டு பேரின் கையெழுத்துப் படங்களையும் ஒன்று சேர்த்துவிட வேண்டும் என்று நம்மில் பலர் வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருக்கிறோம். உங்களிடம் எனக்கு இருப்பது ஒரே ஒரு வேண்டுகோள். படத்தில் 'இன்னாருக்கு' என்று வேறு யாரோ ஒருவரின் பெயரை அந்த வீரர் எழுதியிருக்கிறார் என்பதற்காக அதை மட்டமாக நினைக்காதீர்கள். அந்தப் பெயரை அழித்துத் தரும்படி யாரிடமும் கொடுக்காதீர்கள்.

அண்மையில் ஒரு வியாபாரியிடம் ஆலன் பீன் கையெழுத்திட்ட படம் ஒன்றைப் பார்த்தேன். 1969 நவம்பரில் அப்பல்லோ 12 விண்கலத்தில் போய், நிலவில் நடந்த நான்காவது மனிதர் ஆனவர் பீன். அப்புறம் நாசாவை விட்டு வந்து, மிச்ச வாழ்நாளை நிலவை ஓவியமாகத் தீட்டுவதிலேயே கழித்தார். படத்தில் அவர் கையெழுத்துக்கு மேல் முன்பின் தெரியாத ஒருவரின் பெயரும் ஒரு வரி வாழ்த்தும் இருந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட வியாபாரி, "பேருதானே சார் இடிக்குது? எடுத்துக் குடுத்துடறேன், இருந்த சுவடே தெரியாது" என்றார். ஏதோ சலுகை செய்வதுபோல்தான் சொன்னார். பெயரோடு அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. அப்படி அழிக்கச் சொல்லிக் கேட்பவர்கள் நம் கூட்டத்தில்தானே இருக்க வேண்டும்?

சந்தை நிலவரம் உங்களுக்குத் தெரியும். வெள்ளை விண்வெளி உடையில், பின்னால் நிலா தெரிய, நீல் ஆம்ஸ்ட்ராங் இருக்கும் நாசாவின் அதிகாரப்பூர்வப் படம்தான் நம் உலகில் எல்லோரும் ஏங்குவது. வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால் பல ஆயிரம் டாலர். "இன்னாருக்கு, நல்வாழ்த்துகள்" என்று மேலே ஒரு வரி இருந்துவிட்டால் விலை வெகுவாக இறங்கிவிடும். அந்த இடைவெளிதான் அழிக்கத் தூண்டுகிறது.

அந்த ஒரு வரி எப்படி வந்தது என்று யோசியுங்கள். அமெரிக்காவின் ஏதோ ஓர் ஊரில் ஒருவர், பெரும்பாலும் ஒரு பள்ளிப் பிள்ளை, கடிதம் எழுதுகிறார். கூடவே தன் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் வைக்கிறார். அந்தக் காலத்தில் நம் ஊரிலிருந்து எழுதியவர்கள் தபால்தலைக்குப் பதில், அங்கே கொடுத்துத் தபால்தலை வாங்கிக்கொள்ளும் சர்வதேச பதில் கூப்பனை வைத்தார்கள். வாரங்கள் போகின்றன, சில சமயம் மாதங்களும். ஒருநாள் அட்டை வைத்த பெரிய உறை வருகிறது. உள்ளே படம், அதில் தன் பெயர். நிலவில் நடந்த ஒரு மனிதர் தன் கடிதத்தைப் படித்து, பெயரைப் பார்த்து, பேனாவை எடுத்து எழுதியிருக்கிறார்! சீர்வரிசைப் பாத்திரத்தில் வெட்டிய பெயரைத் தேய்த்துவிட்டுப் புதுசு என்று விற்றால் நாம் என்ன சொல்வோம்? இங்கே மட்டும் அதைச் 'சுத்தம் செய்தது' என்கிறோம்.

ஆம்ஸ்ட்ராங் 1994 வாக்கில் கையெழுத்துப் போடுவதையே நிறுத்திவிட்டார். தன் கையெழுத்துகள் பெரிய விலைக்குக் கைமாறுகின்றன, போலிகளும் குவிந்து கிடக்கின்றன என்று அவருக்குத் தெரியவந்ததுதான் காரணம். 2012இல் மறையும்வரை அந்த முடிவை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இனி உண்மையான ஆம்ஸ்ட்ராங் கையெழுத்து ஒன்றுகூடக் கூடப்போவதில்லை. இருப்பதை நாமே சுரண்டிக்கொண்டிருக்கிறோம்.

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு லாபநஷ்டமாகவே பார்த்தாலும் பெயர் இருப்பது நமக்கு நல்லது. அப்பல்லோ காலத்தில் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்ததால் நாசா ஆட்டோபென் இயந்திரத்தைப் பயன்படுத்தியது. ஒரு கையெழுத்தை அச்சாக எடுத்து, அந்தத் தடத்திலேயே பேனாவை ஓடவிடும் இயந்திரம் அது. நிஜப் பேனா, நிஜ மை. கையை வைத்துத் தடவிப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒரே அச்சில் வந்த இரண்டு கையெழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இம்மி பிசகாமல் பொருந்தும். மனிதக் கை அப்படி எழுதாது. கோட்டின் அழுத்தம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக இருக்கும். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பேனா குத்திட்டு நின்ற புள்ளி தெரியும். இந்த இயந்திரம் போக, கையெழுத்தைப் படத்தோடு சேர்த்தே அச்சடித்து அனுப்பியவையும் உண்டு, உதவியாளர்கள் போட்டுக் கொடுத்தவையும் உண்டு. இவ்வளவுக்கும் நடுவில் ஒருவரின் பெயரும் வாழ்த்தும் கையால் எழுதப்பட்டிருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு இன்னும் பத்துப் பதினைந்து எழுத்துகள் கிடைக்கின்றன. ஆம்ஸ்ட்ராங் கையெழுத்தில் பழகியவர்கள் முதலில் பார்ப்பதே அந்த வரியைத்தான். (பெயர் இருந்தாலே அசல் என்று நம்பிவிடவும் வேண்டாம். உதவியாளர் பெயரை எழுத, கீழே இயந்திரம் கையெழுத்துப் போட்ட படங்களும் இருக்கின்றன. வரியையும் கையெழுத்தையும் எழுதியது ஒரே கைதானா, ஒரே மைதானா என்று பாருங்கள்.) பெயரை அழிப்பவர், தன் படம் அசல் என்பதற்கான சாட்சியைத் தானே அழிக்கிறார்.

சுவடு தெரியாது என்று அந்த வியாபாரி சொன்னதும் சரியில்லை. படத்தை விளக்குக்கு நேரே பிடிக்காமல் சாய்த்துப் பிடியுங்கள். ரசாயனம் பட்ட இடத்தில் தாளின் பளபளப்பு மங்கி, திட்டாகத் தெரியும். பேனா அழுத்திய பள்ளம் சில சமயம் அப்படியே இருக்கும். புற ஊதா விளக்கில் மை இருந்த இடம் வேறு நிறத்தில் காட்டிக்கொடுப்பதும் உண்டு. ஒன்றும் தெரியாவிட்டாலும், இரண்டு வரி எழுத இடம் விட்டதுபோல் கையெழுத்துக்கு மேலே காலியாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

விற்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. விற்பதற்கென்றே போட்ட கையெழுத்துகளும் இருக்கின்றன. 1969 ஜூலையில் நிலவுக்குப் புறப்படுவதற்கு முன், அப்பல்லோ 11 வீரர்களான ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரும் தபால் உறைகளில் கையெழுத்திட்டு நம்பிக்கையானவர்களிடம் விட்டுப் போனார்கள். பயணத்தின் முக்கிய நாட்களில் அவற்றில் முத்திரை குத்தப்பட்டது. தாங்கள் திரும்பி வராவிட்டால் குடும்பம் அவற்றை விற்றுப் பிழைத்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு அது. சேகரிப்பாளர்கள் இன்றும் அவற்றைக் காப்பீட்டு உறைகள் என்றுதான் சொல்கிறார்கள். அவற்றில் யார் பெயரும் இல்லை, இருக்க வேண்டிய தேவையும் இல்லை. இன்னாருக்கு என்று எழுதிக் கொடுத்த படத்தின் கதை வேறு.

சார்லி டியூக் செய்ததை நினைத்துப் பாருங்கள். 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16இல் போனவர், தானும் மனைவியும் இரண்டு மகன்களும் இருக்கும் குடும்பப் படத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு நிலவின் தரையில் வைத்துவிட்டு வந்தார். பூமியிலிருந்து வந்த விண்வெளி வீரர் டியூக்கின் குடும்பம் இது என்று பின்பக்கம் எழுதி, வீட்டார் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். வைத்த கையோடு அவர் அதை கேமராவில் எடுத்ததால், சாம்பல் நிற மண்ணில் அது கிடக்கும் காட்சியை நாமும் பார்க்க முடிகிறது. நிலவிலேயே இருக்கும் அந்தக் கையெழுத்துப் படத்தின் மதிப்பெல்லாம், யாருடையது என்று அதில் எழுதியிருப்பதில்தான் இருக்கிறது. அதே வருட டிசம்பரில், நிலவை விட்டுக் கடைசியாகக் கிளம்பிய யூஜின் செர்னன் தன் மகள் பெயரின் முதலெழுத்துகளை அங்கே தூசியில் எழுதிவிட்டு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கும் பெயர்கள் முக்கியமாகத்தான் இருந்திருக்கின்றன.

ஆகவே நண்பர்களே, பெயர் எழுதிய படம் விலைக்கு வந்தால் மூக்கைச் சுளிக்காமல் வாங்குங்கள். உங்கள் பட்ஜெட்டில் ஓர் அசல் ஆம்ஸ்ட்ராங் கிடைக்க அதுதான் நேர்மையான வழியும்கூட. கூட வந்த கடிதம், பழைய உறை, அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். படத்தைக் கொடுக்கும்போது அவற்றையும் சேர்த்தே கொடுங்கள். ஏலப் பட்டியலில் பெயர் அழிக்கப்பட்ட படம் அதைச் சொல்லாமல் இடம்பெற்றால், அதை நடத்துபவருக்கு எழுதிக் கேளுங்கள். நாம் கேட்காதவரை அவர்கள் சொல்லப்போவதில்லை.

இதை எழுதும்போது அந்தப் பன்னிரண்டு பேரில் நம்மோடு இருப்பவர்கள் ஆல்ட்ரின், டேவிட் ஸ்காட், டியூக், ஹாரிசன் ஷ்மிட் ஆகிய நால்வர்தான். எல்லோருக்கும் நல்ல வயதாகிவிட்டது. அவர்களில் யாரிடமாவது கையெழுத்து வாங்கும் வாய்ப்பு கிடைத்தால், "கையெழுத்து மட்டும் போதும்" என்று கேட்காதீர்கள். உங்கள் மகள் பெயரையோ பேரன் பெயரையோ எழுதித் தரச் சொல்லுங்கள். நம் பெயர்களின் ஸ்பெல்லிங் அவர்களுக்குப் பழக்கமிருக்காது. ஒரு துண்டுத் தாளில் பெரிய எழுத்தில் தெளிவாக எழுதிக் கூடவே வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்